சிசிடிவி வீடியோவ மீட்டு, அது எதுன்னு அடையாளம் காட்டறது எப்படி? ஃபாரன்சிக் வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு

இந்த வேலைக்கு புதுசா வர்றவங்க, அது லேப்ல சேர்ந்த பசங்களா இருக்கட்டும், சைபர் செல்லுக்கு மாத்தலாகி வந்த எஸ்ஐயா இருக்கட்டும், டேட்டா ரெக்கவரி கடை வச்சிருந்து இப்ப கோர்ட் வேலையும் எடுக்கறவங்களா இருக்கட்டும், மொத கேள்வி ஒண்ணுதான்: "எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?" அதுக்கு பதில் கடைசில சொல்லலாம், இல்ல சொல்லாமலே விட்டாலும் பரவால்ல. ஏன்னா அழிஞ்ச வீடியோவ திரும்ப எடுக்கறது பாதி வேலைதான். எடுத்தது எந்த கேமராவோடது, எந்த நேரத்துது, நடுவுல யாரும் கை வைக்கலன்னு எப்படி சொல்றீங்க, இந்த மூணும் இல்லன்னா அது யாரோ ரோட்ல நடந்துபோற ஒரு படம், அவ்ளோதான்.

நேரம் எவ்ளோ முக்கியம்னு தெரியணும்னா அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்க பாருங்க. மகாராஷ்டிரா ஜால்னா தொகுதி, 2014 சட்டசபை தேர்தல். வேட்புமனு சாயங்காலம் 3 மணிக்கு முன்னாடி குடுத்தாங்களா அப்புறம் குடுத்தாங்களா, அதுதான் சண்டை. தேர்தல் அதிகாரி ஆபீஸ்ல ஓடின வீடியோதான் ஆதாரம். அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சர்டிஃபிகேட் கட்டாயம்னு 2020 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு. சர்டிஃபிகேட் பத்தி அப்புறம் வர்றேன்.

நம்ம ஊர்ல வர்ற கேஸ்ல பெரும்பாலும் கடை, பெட்ரோல் பங்க், அபார்ட்மெண்ட் டிவிஆர்தான் (கேமரா வீடியோவ டிஸ்க்ல பதிவு பண்ற பெட்டி), அதனால அதையே வச்சு சொல்றேன். மெமரி கார்டு, ஃபோன் பத்தி பின்னாடி.

ஸ்டெப் 1: இன்னும் எத்தன நாள் இருக்குன்னு கணக்கு போடுங்க

டிவிஆர் டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே எழுதும். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 20 லட்சம் பிட் (இதுதான் பிட்ரேட்) ரெக்கார்டு பண்ணுதுன்னு வைங்க, செகண்டுக்கு 250 கேபி, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 8 கேமரான்னா 172.8 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள் கூட தாங்காது. அந்த கடைக்காரர் "ஒரு மாசம் நிக்கும் சார், கேமரா போட்டவர் சொன்னாரு"ன்னு சொல்வாரு. நம்பாதீங்க, பிட்ரேட்டயும் டிஸ்க் சைஸயும் மெனுல நீங்களே பாருங்க. மோஷன் வந்தா மட்டும் ரெக்கார்டு ஆகுற மாதிரி வச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் கூட வரும், ஆனா அப்ப நடு நடுவுல ஓட்டை இருக்கும், அது யாரோ அழிச்சதுன்னு நினைச்சுடக்கூடாது.

சம்பவம் நடந்து அஞ்சு நாள் ஆச்சுன்னா, நீங்க மெனுவ பாத்துட்டு நிக்கற நேரத்துலயே உங்களுக்கு வேண்டியது அழிஞ்சுகிட்டு இருக்கலாம். அதனால ரெக்கார்டிங்க நிறுத்தறதுதான் மொத வேலை. அதோட நெட்வொர்க் கேபிளையும் புடுங்கிடுங்க, ஏன்னா மொபைல் ஆப் வழியா வெளியேர்ந்தே உள்ள வந்து செட்டிங் மாத்தறது, சில மாடல்ல டிஸ்க்க ஃபார்மேட் அடிக்கறது கூட முடியும்.

எவ்ளோ நாள் நிக்கணும்ங்கறது சின்ன விஷயம் இல்ல. 2020 சாத்தான்குளம் லாக்கப் மரண வழக்குல விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு குடுத்த அறிக்கையில, ஸ்டேஷன் சிசிடிவி டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும் தினம் தினம் தானா அழியற மாதிரி செட் பண்ணியிருந்ததா எழுதினாரு. அதே வருஷம் டிசம்பர்ல வேற ஒரு வழக்குல, போலீஸ் ஸ்டேஷன் சிசிடிவி பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், அது முடியாத மெஷின்னா குறைஞ்சது ஒரு வருஷமாவது நிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அப்பறம் ஸ்டேஷன் டிவிஆர்னு ஒண்ணு உங்க டேபிளுக்கு வந்தா மொதல்ல இந்த செட்டிங் பக்கத்ததான் போட்டோ எடுக்கணும்.

ஸ்டெப் 2: மெஷின் காட்டற நேரத்த போட்டோ புடிங்க

பவர ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, டிவிஆர் ஸ்கிரீன்ல ஓடுற நேரமும் உங்க மொபைல் நேரமும் ஒரே போட்டோல வர்ற மாதிரி எடுங்க. மொபைல் நெட்வொர்க்லேர்ந்து நேரம் எடுத்துக்கற செட்டிங்ல இருக்கணும். டிவிஆர் 14:22:10 காட்டுது, மொபைல் 14:09:40 காட்டுதுன்னா மெஷின் 12 நிமிஷம் 30 செகண்ட் முன்னாடி ஓடுது. திருட்டு நடந்தது 11 மணின்னா நீங்க மெஷின்ல 11:12:30ல தேடணும். நிறைய பேரு 11 மணில தேடிட்டு "ஒண்ணும் இல்ல சார்"னு எழுதி குடுத்துட்டு போயிடறாங்க. கொடுமை.

இன்னொண்ணு, இன்னைக்கு 12 நிமிஷம் வித்தியாசம்னா மூணு மாசம் முன்னாடியும் அதே 12ன்னு அர்த்தம் இல்ல, கடிகாரம் மெல்ல மெல்ல நகரும். அதனால வீடியோக்குள்ளயே நேரம் தெரிஞ்ச ஒரு விஷயத்த புடிங்க: கடைல பில் அடிச்ச நேரம், ஏடிஎம்ல பணம் எடுத்த நேரம், அந்த மாதிரி. உள்ள இருக்கற சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போன மெஷினா இருந்தா இன்னும் மோசம், ஒவ்வொரு பவர் கட்டுக்கும் கடிகாரம் எங்கயோ 2000 ஜனவரிக்கு போயி நிக்கும், அப்ப உங்களுக்கு வேண்டிய ஃபுட்டேஜ் டிஸ்க்ல பத்திரமா இருக்கும், ஆனா யாருமே தேடாத ஒரு தேதில இருக்கும். காலண்டர்ல எல்லா வருஷத்தையும் திறந்து பாத்துடுங்க.

லாக் பக்கத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க. யாரு லாகின் பண்ணாங்க, எப்ப நேரத்த மாத்தினாங்க, எப்ப டிஸ்க் ஃபார்மேட் ஆச்சு எல்லாம் அதுல இருக்கும். பாஸ்வேர்டு தெரியலன்னா ரீசெட் அடிக்காதீங்க, டிஸ்க்க வெளிய எடுத்து படிக்கறதுக்கு பெரும்பாலும் பாஸ்வேர்டே தேவப்படாது.

ஸ்டெப் 3: வீடியோ அழியலன்னா எக்ஸ்போர்ட் போதும், ஆனா சரியா பண்ணுங்க

மானிட்டர்ல ஓடவிட்டு மொபைல்ல வீடியோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்பறது நம்ம ஊர்ல ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. விசாரணைல அவசரத்துக்கு ஆள அடையாளம் பாக்க ஓகே, ஆதாரமா வேணாம். மெஷினோட சொந்த ஃபார்மேட்லயே எக்ஸ்போர்ட் எடுங்க, கூடவே அந்த கம்பெனி பிளேயரையும் எடுத்துக்கங்க. ஏவிஐக்கு மாத்துன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத தொட்டா பல மெஷின்ல ஃபிரேமோட ஒட்டியிருக்கற நேரமும் சேனல் நம்பரும் போயிடும். தாஹுவான்னா (இதுவும் ஹிக்விஷனும் சீன டிவிஆர் கம்பெனிங்க) டிஏவின்னு முடியற ஃபைல் வரும். ஹிக்விஷன்ல எக்ஸ்டென்ஷன் எம்பி4ன்னு இருக்கும், ஆனா ஹெக்ஸ்ல (ஃபைலோட பைட்டுங்கள 16 அடிமான எண்ணா காட்டற எடிட்டர்ல) திறந்தா உள்ள எம்பெக் பிஎஸ்ங்கற வேற ஃபார்மேட் இருக்கும். பேர பாத்து முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றது இதுக்குதான்.

ஸ்டெப் 4: டிஸ்க்க வெளிய எடுத்து இமேஜ்

இப்பதான் ரெக்கவரி. இமேஜ்னா டிஸ்க்க ஒரு பிட் விடாம அப்படியே ஒரு ஃபைலா காப்பி எடுக்கறது. பவர் ஆஃப், டிஸ்க் சீரியல் நம்பர் போட்டோ, ரெண்டு டிஸ்க் இருந்தா எது எந்த போர்ட்ல இருந்துச்சுன்னு லேபிள், அப்புறம் ரைட் பிளாக்கர் (டிஸ்க்ல எதுவும் எழுதவிடாம படிக்க மட்டும் விடற கருவி) வழியா உங்க கம்ப்யூட்டர்ல மாட்டுங்க.

இங்க ஒரு கண்ணிவெடி. விண்டோஸுக்கு டிவிஆர் ஃபைல் சிஸ்டம் புரியாது. "டிஸ்க்க இனிஷியலைஸ் பண்ணட்டுமா", "ஃபார்மேட் பண்ணாதான் யூஸ் பண்ண முடியும்"னு பெட்டி வரும், பழக்கதோஷத்துல ஓகே அடிச்சா முடிஞ்சுது. ரைட் பிளாக்கர் இருந்தா தப்பிச்சீங்க, இல்லன்னா டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்கற தகவல் மேல விண்டோஸ் எழுதிடும். ரைட் பிளாக்கர் வாங்க காசு இல்லன்னா, டிஸ்க்க தானா மவுண்ட் பண்ணாத ஃபாரன்சிக் லினக்ஸ்ல பூட் பண்ணி வேலை செய்யுங்க.

இமேஜ் எடுக்க எஃப்டிகே இமேஜர் இலவசம், லினக்ஸ்ல கைமேஜர் நல்லா இருக்கும். டிவிஆர் டிஸ்க் வருஷக்கணக்கா 24 மணி நேரமும் சூட்டுல சுத்தினது, பேட் செக்டார் (படிக்க முடியாம கெட்டுப்போன துண்டு) சகஜம், அதுக்கு டிடிரெஸ்க்யூங்கற டூல். மொத ரவுண்டுல நல்லா படிக்கறதெல்லாம் எடுத்துட்டு, மேப் ஃபைல் (எது படிச்சது, எது படிக்கலன்னு அந்த டூல் குறிச்சு வைக்கறது) வச்சு கெட்ட எடத்துக்கு அப்புறமா வாங்க. இமேஜ் முடிஞ்சதும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண், ஃபைல் கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறிடும்) எடுத்து எழுதி வைங்க. சாகப்போற டிஸ்க்க ரெண்டு தடவ படிச்சா ரெண்டு ஹாஷ் வரலாம், அதுக்கு பதறாதீங்க, இமேஜ் ஃபைலோட ஹாஷ்தான் இனி உங்களுக்கு கணக்கு, டிஸ்க் எந்த நிலைல இருந்துச்சு, எத்தன செக்டார் படிக்க முடியலங்கறத ரிப்போர்ட்ல சொல்லிடுங்க.

ஸ்டெப் 5: ஹெக்ஸ்ல திறந்து இது யாரோட வீடுன்னு பாருங்க

இமேஜ எச்எக்ஸ்டிங்கற ஹெக்ஸ் எடிட்டர்ல திறங்க. ஹிக்விஷன்னா ஆரம்பத்துலயே "ஹிக்விஷன் அட் ஹாங்சோ"ன்னு இங்கிலீஷ் எழுத்துல கையெழுத்து மாதிரி இருக்கும். தாஹுவாவுக்கு டிஎச்எஃப்எஸ் 4.1, வேற சில சீன மெஷின்ல டபிள்யூஎஃப்எஸ் 0.4னு இருக்கும். மெஷின் மேல ஒட்டியிருக்கற பிராண்ட நம்பாதீங்க, உள்ள போர்டு வேற கம்பெனியா இருக்கறது ரொம்ப சகஜம்.

டிவிஆர் மெனுல ஃபார்மேட் அடிச்சா பெரும்பாலும் பொருளடக்கத்த கிழிச்ச புத்தகம் மாதிரிதான், இண்டெக்ஸ் போகும், வீடியோ அப்படியே கிடக்கும். ஆனா ஃபார்மேட் முடிஞ்ச உடனே மெஷின் ரெக்கார்டிங்க ஆரம்பிச்சுடும், அதனால ஃபார்மேட்டுக்கு அப்புறம் எத்தன மணி நேரம் ஓடுச்சோ அவ்ளோ போச்சு. மிச்சம் இருக்கும்.

மேல எழுதின எடத்துலயும் எல்லாம் போகாது. இந்த மெஷினெல்லாம் டிஸ்க்க பெரிய பெரிய பிளாக்கா பிரிச்சு வச்சிருக்கும், ஹிக்விஷன்ல ஒரு பிளாக் 1 ஜிபி. புது ரெக்கார்டிங் பாதி பிளாக்ல நின்னுட்டா மீதில பழைய ஃபிரேம் உக்காந்திருக்கும். மெனு அத காட்டாது, உங்க ஹெக்ஸ் எடிட்டர் காட்டும்.

ஸ்டெப் 6: ஃபிரேம் ஃபிரேமா பொறுக்கறது

இதுதான் வேலையே, கொஞ்சம் நிதானமா படிங்க.

தாஹுவா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னாடி ஒரு ஹெடர் (அந்த ஃபிரேம பத்தின விவரம் இருக்கற தலைப்பகுதி) வைக்கும். அது 44 48 41 56ன்னு ஆரம்பிக்கும், ஃபிரேம் முடியற எடத்துல 64 68 61 76. பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா 6வது பைட் கேமரா சேனல், 12லேர்ந்து 4 பைட் ஃபிரேமோட நீளம், 16லேர்ந்து 4 பைட் தேதியும் நேரமும். அந்த 4 பைட்ட திருப்பிப்போட்டு படிக்கணும். உதாரணமா டிஸ்க்ல 21 21 52 60ன்னு இருந்தா 60 52 21 21ன்னு திருப்பி, பைனரிக்கு மாத்தி, இடமிருந்து 6 பிட் வருஷம், 4 பிட் மாசம், 5 பிட் நாள், 5 பிட் மணி, 6 பிட் நிமிஷம், 6 பிட் செகண்ட். வருஷத்தோட 2000 கூட்டிக்கணும். நான் சொன்னது 2024 ஜனவரி 9, ராத்திரி 2:04:33. பேப்பர்ல ஒரு தடவ நீங்களே போட்டு பாருங்க, வந்துடும். ஸ்டெப் 2ல எடுத்த வித்தியாசத்த இதுலதான் கழிக்கணும் இல்ல கூட்டணும்.

இத கைல பண்ணத் தெரிஞ்சவங்களுக்கும் பட்டன் மட்டும் அமுக்கறவங்களுக்கும் வித்தியாசம் குறுக்கு விசாரணைல தெரியும். "இந்த ஃபிரேம் அந்த நேரத்துதுன்னு எப்படி சொல்றீங்க"ன்னு வக்கீல் கேட்டா, "சாஃப்ட்வேர் சொல்லுச்சு"ன்னா உக்காந்துடவேண்டியதுதான். படத்து மேல தெரியற நேரமும் ஹெடர்ல இருக்கற நேரமும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க, ஒத்துப்போகலன்னா அதுவே ஒரு தகவல்.

ஹெடரே தெரியாத மெஷினா இருந்தா வீடியோ ஸ்ட்ரீமையே தேடணும். எச்.264ல (வீடியோவ சுருக்கற ஒரு கோடெக், எச்.265 அதுக்கு அடுத்தது) 00 00 00 01 அடுத்து 67 வந்தா அது எஸ்பிஎஸ், 68 வந்தா பிபிஎஸ், 65 வந்தா ஐ ஃபிரேம். எஸ்பிஎஸும் பிபிஎஸும் வீடியோவ பிரிச்சு படிக்க வேண்டிய விவரம், ஐ ஃபிரேம்னா மத்த ஃபிரேமோட உதவி இல்லாம தானே முழுசா இருக்கற படம். எச்.265ல அதே 00 00 00 01க்கு அப்புறம் 40 01, 42 01, 44 01ன்னு மூணு ஹெடர் வரிசையா வரும். இதுங்கள்ல ஒரு எடத்துலேர்ந்து வெட்டி எடுத்து எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ டூலுக்கு குடுத்தா படம் ஓடும். ஐ ஃபிரேம் இல்லாம நடுவுலேர்ந்து எடுத்தீங்கன்னா சாம்பல் கலர்ல கட்டம் கட்டமாதான் ஓடும். இப்ப வர்ற "பிளஸ்" போட்ட ஸ்மார்ட் கோடெக்ல ஐ ஃபிரேமுங்க ரொம்ப தள்ளித் தள்ளி இருக்கும், ஒண்ணு போனா பல செகண்ட் வீடியோ போகும். எல்லா கேமராவும் ஒரே டிஸ்க்ல பின்னிப்பின்னி எழுதறதால, சேனல் நம்பர் பாக்காம வரிசையா ஒட்டினா கல்லா கேமராவும் வாசல் கேமராவும் கலந்து ஒரு வீடியோவா வந்து நிக்கும், அத கோர்ட்ல போட்டுக் காட்டறத நினைச்சு பாருங்க.

காசு இருந்தா டிவிஆர் எக்ஸாமினர் மாதிரி சாஃப்ட்வேர் இந்த வேலைய எல்லாம் தானே பண்ணும். நல்ல டூல்தான். ஆனா அது எடுத்துக் குடுத்ததுல ஒரு பத்து ஃபிரேமையாவது ஹெக்ஸ்ல சரிபாருங்க.

ஸ்டெப் 7: மெமரி கார்டு, டேஷ்கேம், ஃபோன்

இங்க கதை வேற. எம்பி4 ஃபைல் பாக்ஸ் பாக்ஸா இருக்கும்: ஆரம்பத்துல எஃப்டைப், அது 4வது பைட்லேர்ந்து 66 74 79 70. படம் எல்லாம் எம்டேட் பாக்ஸ்ல, எந்த ஃபிரேம் எங்க இருக்குங்கற வரைபடம் மூவ் பாக்ஸ்ல. நிறைய கேமரா மூவ் பாக்ஸ கடைசிலதான் எழுதும். ஆக்சிடெண்ட்ல டேஷ்கேமோட வயர் புடுங்கிக்கிச்சுன்னா மூவ் இல்லாத ஃபைல் கிடைக்கும், எந்த பிளேயரும் ஓட்டாது. அதே கேமராவுல, அதே செட்டிங்ல எடுத்த ஒரு நல்ல ஃபைல் இருந்தா அன்ட்ரங்க்ங்கற இலவச டூல் அத பாத்து இத சரி பண்ணும். அதனால கேமராவயும் சேத்து கைப்பற்றுங்க, கார்ட மட்டும் எடுத்துட்டு வராதீங்க. ஸ்டெப் 6ல சொன்ன 00 00 00 01 தேடல் இங்க பெரும்பாலும் பலிக்காது, எம்பி4ல அந்த எடத்துல ஃபிரேமோட நீளம்தான் எழுதியிருக்கும்.

ஃபேட்32 கார்டுல ஃபைல அழிச்சா பேரோட மொத எழுத்து மாறும், சைஸும் ஆரம்ப எடமும் பெரும்பாலும் நிக்கும், ஆனா துண்டுங்கள கோத்த சங்கிலி போயிடும். துண்டாகாம எழுதின ஃபைல்னா போட்டோரெக்ங்கற ரெக்கவரி டூலே எடுத்துடும். டிரோன், ஆக்‌ஷன் கேமரா மாதிரி ஒரே நேரத்துல பெரிய வீடியோவும் சின்ன வீடியோவும் எழுதறதுல ரெண்டும் மாறி மாறி கிடக்கும், போட்டோரெக் குடுக்கறது பாதில உடையும்.

ஃபோன்ல எதிர்பார்ப்ப குறைச்சுக்கங்க. இப்ப இருக்கற ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் ஃபைலுக்கு ஃபைல் என்கிரிப்ட் பண்ணுது, அழிஞ்ச ஃபைலோட சாவியும் சேந்து போயிடும், காலி எடத்துல தோண்டினா குப்பைதான் வரும். எஸ்எஸ்டில ட்ரிம் (அழிச்ச எடத்த டிஸ்க்கே காலி பண்ணிக்கறது) ஓடியிருந்தா அதே கதிதான். அதுக்கு பதிலா டிராஷ்ல பாருங்க: ஐஃபோன்ல சமீபத்துல அழிச்சதுங்க 30 நாள் வரைக்கும் இருக்கும், கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன ஐட்டம் 60 நாள். கிளவுடு, தம்ப்நெயில், வாட்ஸப்ல அனுப்பின காப்பி, இதுலதான் பாதி கேஸ் முடியும்.

ஸ்டெப் 8: இது எங்கேர்ந்து வந்த வீடியோ?

பென்டிரைவ்ல ஒரு ஃபைல் குடுத்து "இது ஒரிஜினலா"ன்னு கேப்பாங்க. ஃபைலுக்குள்ள இருக்கற மெட்டாடேட்டாவ (எடுத்த கருவி, நேரம் மாதிரி விவரம்) காட்டற மீடியாஇன்ஃபோவும் எக்ஸிஃப்டூலும் போட்டு பாருங்க. ஐஃபோன் கேமரா ஃபைல்ல மாடல் பேரு, ஐஓஎஸ் வெர்ஷன்லாம் வழக்கமா இருக்கும். என்கோடர்னு போட்ட எடத்துல எல்-ஏ-வி-எஃப்னு வந்தா அது எஃப்எஃப்எம்பெக் வழியா போயிருக்கு, கேமராவுலேர்ந்து நேரா வந்ததுன்னு சொல்றவர கூப்ட்டு இன்னொரு தடவ கேளுங்க. அதுக்காக போலின்னு எழுதிடாதீங்க, வெறும கன்வெர்ட் பண்ணியிருக்கலாம்.

எம்பி4க்குள்ள இருக்கற நேரம் 1904 ஜனவரி 1லேர்ந்து எண்ணின செகண்டு, முறைப்படி யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கணும். நம்ம நேரம் அதுக்கு 5:30 முன்னாடி. அதனால 15ஆம் தேதி ராத்திரி 2 மணிக்கு எடுத்த வீடியோ 14ஆம் தேதி 20:30ன்னு காட்டும். தேதியே மாறிப்போனத பாத்துட்டு வீடியோ பொய்னு வாதாடறவங்க இருக்காங்க. சில கேமரா விதிய மதிக்காம லோக்கல் நேரத்தையே எழுதும், அதனால அந்த மாடல்ல நீங்களே ஒரு வீடியோ எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு எழுதுங்க.

வாட்ஸப்ல வீடியோவா அனுப்பினது திரும்ப சுருக்கப்பட்டது, ஒரிஜினல் மெட்டாடேட்டா போயிருக்கும். பேர்ல இருக்கற தேதி அந்த ஃபோனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி இல்ல. ரெண்டு ஃபைல் ஒரே காட்சியான்னு பாக்க சாதா ஹாஷ் உதவாது, சுருக்கினாலே மாறிடும், அதுக்கு படத்தோட உருவத்த வச்சு போடற பெர்செப்சுவல் ஹாஷ் வேணும். இந்த கேமராதான் எடுத்துச்சான்னே நிரூபிக்கணும்னா சென்சார் இரைச்சல வச்சு பண்ற பிஆர்என்யு இருக்கு, ஆனா நல்லா சுருக்கின வாட்ஸப் வீடியோல அதுவும் தடுமாறும், பெரிய லேபுக்கு விட்டுடுங்க.

ஸ்டெப் 9: பேப்பர்

ஆரம்பத்துல சொன்ன அந்த சர்டிஃபிகேட்டுக்கு, 2024 ஜூலை 1லேர்ந்து பழைய எவிடன்ஸ் சட்டம் 65பி எடத்துல பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63வது பிரிவு. சர்டிஃபிகேட்ல இப்ப ரெண்டு பாகம்: ஏ பாகம் மெஷின வச்சிருந்தவரு, பி பாகம் எக்ஸ்பர்ட். ரெண்டுலயும் ஹாஷ் மதிப்பும் எந்த முறைல எடுத்ததுன்னும் எழுதணும். எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256, எம்டி5ன்னு கட்டம் போட்டிருக்கும், வெறும் எம்டி5 மட்டும் டிக் அடிக்காதீங்க, ஒரே எம்டி5 வர்ற ரெண்டு வேற ஃபைல உருவாக்க முடியும்னு எதிர்த்தரப்புக்கும் தெரியும். கடைக்காரர் கையெழுத்த அன்னைக்கே வாங்கிடுங்க, கேஸ் கோர்ட்ல விசாரணைக்கு வர்றப்ப அவரு கடைய மாத்திட்டு போயிருப்பாரு.

கத்துக்கறதுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய 4 சேனல் டிவிஆரும் 500 ஜிபி டிஸ்க்கும் வாங்குங்க. கேமரா முன்னாடி ஒரு சுவர் கடிகாரத்த மாட்டி ரெண்டு நாள் ஓடவிடுங்க, மெனுல ஃபார்மேட் அடிங்க, ஒரு மணி நேரம் திரும்ப ஓடவிட்டு டிஸ்க்க கழட்டுங்க. இமேஜ் எடுத்து ஒரு பழைய ஃபிரேம தேடிப் புடிச்சு, ஹெடர் பிட்ல வர்ற நேரமும் படத்துல அந்த சுவர் கடிகாரம் காட்டற நேரமும் எவ்ளோ வித்தியாசம்னு எழுதுங்க. அது வந்துடுச்சுன்னா அடுத்து ஹிக்விஷன் டிஸ்க்ல ஆரம்பிக்கலாம்.